பாதி டின் பிரேக் ஆயில்

பாலாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். இன்று காலை உன் அப்பாவிடம் போனில் நீ சிரித்துச் சிரித்துப் பேசியது அடுப்படி வரைக்கும் கேட்டது. அவர் என்னிடம் போனை நீட்டியதும்தான் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. நாலைந்து நாளாக இதே கதை. நான் வாயைத் திறந்தால் உன் ஆபீஸில் மீட்டிங் கூடிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் யாரும் "சரிம்மா, வைக்கிறேன்" என்று சொல்ல முடியாது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக் கரும்பலகையில் எழுதிய கை இது. கோபத்திலும் வரி கோணாது. இதை மூடி ஒட்டி ரகசியமாக அனுப்பப்போவதும் இல்லை. உன் வயதில் பிள்ளை வைத்திருக்கும் எந்த அம்மா படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் அவர்கள் படிப்பது நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் உன் நீலக் காரை ஓட்டப் பேர் கொடுத்திருக்கிறாய். சனிக்கிழமை திண்டுக்கல்லுக்கு வந்து, நம் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கும் காரை எடுத்து, போகிற வழியில் ஒட்டன்சத்திரத்தில் நித்யாவை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தை மாதம் உனக்கும் அவளுக்கும் கல்யாணம். ட்ராக்கில் அவள் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டிப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துச் சுற்றப் போகிறாய். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை அப்படி அனுப்ப அவள் அம்மாவுக்கு மனசே இல்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் நான். அந்தக் காரின் பிரேக்குக்குள் இருக்கும் ஆயில் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். அதை நம்பி உட்காரப்போகிறவளிடம் மட்டும் நீ சொல்லவில்லை. என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாளை நினைத்துப் பார். காலையில் மழை விட்டிருந்தது, வானம் மட்டும் மூடியே கிடந்தது. கறிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நீ காரை ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, செத்த நேரம் வந்து பெடலை அமுக்கு என்று என்னைக் கூப்பிட்டாய். பழைய ஆயிலை வெளியே தள்ளிப் புது ஆயிலை உள்ளே விடுவதற்கு உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், வெளியே ஒருவர் திருகைத் திறந்து மூட வேண்டும் என்று விளக்கம் வேறு சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். பிள்ளை தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறான் என்று, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நீ கீழே படுத்துக்கொண்டு "அமுக்கு... பிடி... விடு" என்றாய். நானும் அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன்.

அப்போதுதான் அந்த டின்னைப் பார்த்தேன். பரணில் பழைய குக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வருஷமாகக் கிடந்த டின். போன வருஷம் இதே ட்ராக்குக்குப் போனபோது வாங்கி, பாதி ஊற்றி, மூடியைத் திருகி நீயே மேலே ஏற்றி வைத்தது. இது போன வருஷத்து டின் இல்லையா என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். "ரேஸ் ஆயிலும்மா. முந்நூறு டிகிரிக்கு மேல தாங்கும். மூடி டைட்டாத்தேன் இருக்கு, இம்புட்டு ஆயிலை எதுக்கு வீணாக்கணும்?" அந்த மிச்சம் முன் சக்கரம் இரண்டுக்குமே சரியாகப் போய்விட்டது. பின் சக்கரத்துக்கு என்று கேட்டால், பின்னால் அவ்வளவாகச் சூடாகாது என்றாய். அந்தக் காரை வாங்க நீ யோசிக்கவே இல்லை. சீட் உறைக்கும் சக்கரத்துக்கும் நீ செலவழித்ததைப் பார்த்து உன் அப்பா நெஞ்சில் கைவைத்தார். கடைசியில் பாதி டின்னில் சிக்கனம். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பார்கள். பழமொழி என்று நினைத்திருந்தேன், என் வயிற்றிலேயே பிறந்திருக்கிறது.

மீந்ததை வீணாக்காதே என்று சொல்லி வளர்த்தவள் நான்தான். ஆனால் அதைக் குழம்புக்குச் சொன்னேன். நேற்றுக் குழம்பைச் சுட வைத்தால் ருசி கூடும். பிரேக் ஆயிலைச் சுட வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் உனக்கு நானே பாதி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணாடித் தட்டில் கால்சியம் குளோரைடு வைத்தேனே, காலையில் வெள்ளைக் கட்டியாக இருந்தது கடைசி பீரியடில் தண்ணீராகக் கிடந்ததே, முதல் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன் நீதான். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் பொருள்கள் சில உண்டு என்று சொன்னேன். பிரேக் ஆயிலும் அந்த ஜாதிதான். பெயரில்தான் ஆயில், குணத்தில் அது எண்ணெயே இல்லை. ஒரு முறை திறந்த டின்னுக்குள் காற்று போய்விட்டது. அதன் பிறகு மூடியை எவ்வளவு இறுக்கினால் என்ன? ஐப்பசியில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி, ஆளில்லாத பரணில் அது தன் பாட்டுக்கு ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே மஞ்சள், அதே பளபளப்பு.

முந்நூறு டிகிரி என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாயே, அது டின்னைத் திறந்த அன்றைக்கு உள்ள கணக்கு. அதற்குக் கீழேயே ஈரம் சேர்ந்த பிறகு எவ்வளவு தாங்கும் என்று இன்னொரு எண் போட்டிருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் படித்தேன். அது எவ்வளவோ கீழே இருக்கிறது. நீ பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிட்டாய். பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்துச் சூடேறினால் அந்த ஈரம் கொதிக்கும், குமிழி வரும். ஆயிலை அமுக்கினால் அது அமுங்காது, நம் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், அவ்வளவுதான். கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இஞ்சினியரிங் படித்த உனக்கு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தாய்.

அந்த வாரமே நித்யா போன் செய்தாள். சுற்றி வளைக்கத் தெரியாத பெண். "அத்தை, ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னால பிரேக் ஆயில் மாத்தோணும்னு படிச்சேனுங்க. கேட்டா அம்மா முன்னாலதான் மாத்துனேன்னு சொல்றாருங்க. நீங்க பாத்தீங்களாங்க?" என்று கேட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாக்குறது என்னம்மா, பெடலை அமுக்குனதே நாந்தேன்" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பார். ஒரு வார்த்தை பொய் இல்லை. பழைய டின், பாதி டின், இரண்டே சக்கரம் என்பதை மட்டும் முழுங்கிவிட்டேன். அவளும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு விளங்காது. மாப்பிள்ளையைப் பெற்ற எல்லா அம்மாக்களுக்கும் விளங்கும். பெண் வீட்டார் எதைக் கேட்டாலும் நம் நாக்கு தானாகப் புரளும். குடிப்பானா, கோபம் வருமா, வேலை நிரந்தரமா, கேள்வி எதுவாக இருந்தாலும் பதில் தயார். பையன் தங்கம். தாடிக்கொம்பு கோயிலில் பெண் பார்த்த அன்று, பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது நித்யாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நகை நட்டு பற்றி இல்லை. அவருடைய தம்பி தாராபுரம் ரோட்டில் கார் கவிழ்ந்து இறந்து போனவர். "ஏனுங்க, மாப்பிள்ளை வண்டி எப்படி ஓட்டுவாருங்க?" என்று கேட்டார். பெருமாள் சந்நிதிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். அந்த அம்மா முகம் தெளிந்தது. அன்றைக்கே பூ வைக்கச் சம்மதம் சொன்னார்கள். உன் சம்பளத்தையும் உன் உயரத்தையும் பார்த்துச் சம்மதித்தார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்.

அடுத்து சிறுமலை. உன்னை அன்றே அந்த ரோட்டில் வைத்து நாலு சாத்து சாத்தாமல் விட்ட ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகை மலையில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு என்று மூன்று பேரும் போனோம். போகும்போது ஒழுங்காகத்தான் ஓட்டினாய். சித்தப்பா வழக்கம்போல் ஒரு தார் மலை வாழையும் ஒரு பை மிளகும் கொடுத்து அனுப்பினார். தாரைப் பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆளைப் போல உட்காரவைத்தாய். இறங்கத் தொடங்கியதும் ட்ராக்கில் எப்படி ஓட்டுவது என்று எங்களுக்குக் காட்டுகிறேன் என்றாய். வேண்டாம் என்றேன். உன் அப்பா, "செத்த நேரந்தானே, காட்டட்டும் விடு" என்றார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் கிட்டே போய்க் கடைசி நிமிஷத்தில் பிரேக்கை மிதித்தாய். தார் என் மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. தீய்ந்த வாடை வந்தது. வாடை வருகிறது என்றேன். அது பிரேக் பேட் சூடாகிற வாடைதான், ஒன்றும் ஆகாது என்றாய்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் உன் முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். "அப்பா, பெடல் உள்ள போகுது" என்று மெதுவாகச் சொன்னாய். நீ கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. திரும்பத் திரும்ப மிதித்தாய், கியரைக் குறைத்தாய், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய். கார் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நின்றது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு மலைக்கு ஏறும் பஸ் அந்த வளைவில் திரும்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். அந்த ரோட்டில் பஸ்ஸே எப்போதாவதுதான் வரும். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதமாட்டேன். உனக்குக் கற்பனை இருந்தால் நீயே நினைத்துக்கொள்.

பிறகு என்ன நடந்தது? அரை மணி நேரம் போல நின்றோம். நீ போய்ப் பெடலை அமுக்கிப் பார்த்தாய். கல்லு மாதிரி இருந்தது. ஆமாம், இருக்கும். ஆறினால் ஆவி அடங்கிப் பெடல் திரும்பி வரும். அதுதான் இந்தச் சனியனிடம் இருக்கும் கெட்ட குணம். கொல்லப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். நீயும் அதைப் போலவே சிரித்தாய். "பாத்தியாம்மா, சரியாயிருச்சு. சூடு ஏறிருச்சு, அம்புட்டுத்தேன்" என்றாய். சக்கரத்தை வாய்க்காலிலிருந்து ஏற்றி, அடிவாரம் வரைக்கும் கட்டை வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு வந்து, டீக்கடையில் நிறுத்தினாய். உன் அப்பா டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். நீ அவருக்குத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டே, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், நித்யாவிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றாய். எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நித்யாவிடம் சொல்லவேண்டாம் என்றாய். வீட்டுக்கு வந்து நான் பேச்சை எடுத்தபோது உன் அப்பா, "கல்யாண நேரத்துல புள்ளையோட மல்லுக்கட்டாத" என்று அவர் பங்குக்கு என் வாயை அடைத்தார். மறுநாள் நீ காரை இங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாய். சரி, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, ட்ராக்குக்குப் போகமாட்டான் என்று நினைத்தேன்.

உன் அப்பாவையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அவரும் இதைப் படிப்பார். எட்டாவது படிக்கும்போது உன் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. நீ அதை மாற்றாமல், செருப்புக் காலால் பின் டயரை அழுத்தி நிறுத்திக்கொண்டு பேகம்பூர் சந்துகளில் சுற்றினாய். செருப்பில் ஓட்டை விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். நான் கையை ஓங்கினேன். உன் அப்பா குறுக்கே வந்து, "என்னா மூளை பாரு எம்புள்ளைக்கு" என்று மெச்சினார். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த மெச்சலை நீ இன்னும் கைவிடவில்லை. எதையும் முழுதாகச் செய்யாமல் பாதியில் சமாளிப்பதற்கு மூளை என்று பேர் வைத்திருக்கிறாய். செருப்பு தேய்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், பிரச்சினை அதில் இல்லை. அன்றைக்கு நீ மட்டும்தான் சைக்கிளில் இருந்தாய்.

போன செவ்வாய்க்கிழமை நித்யா மறுபடி போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இப்பத்தான் எங்கம்மா நிம்மதியா இருக்காங்க அத்தை. சிறுமலையிலயே ஓட்டிப் பாத்தாச்சு, அம்மா அப்பாவும் கூட வந்தாங்க, பிரேக் சூப்பரா இருந்துச்சுன்னு அவர் சொன்னாருங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் இரண்டு பேரையும் வாய்க்கால் ஓரமாக நிற்கவைத்துவிட்டு, அதையே நற்சான்றிதழாக மாற்றி அவளிடம் கொடுத்திருக்கிறாய். பொய்யை நீ உன் பெயரில் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என்னை வைத்துச் சொன்னாய். என் பேச்சு அந்த வீட்டில் செல்லும் என்று தெரிந்து சொன்னாய். பால் பொங்கிவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று அவளிடம் சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரன் என் பழைய மாணவன். டீச்சர் வந்திருக்கிறார்கள் என்று நாற்காலி போட்டான், டீ வாங்கிவரச் சொன்னான். ட்ராக்கில் ஓட்டும் காருக்கு எந்தப் பிரேக் ஆயில் போடலாம் என்று கேட்டேன். உங்களுக்கு என்றால் உயர்ந்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்று, டாட் ஃபோர் என்று போட்டிருந்த டின்னை ஓரமாக நகர்த்திவிட்டு, டாட் ஃபைவ் வரவழைத்துத் தருகிறேன் என்றான். "நாலை விட அஞ்சு பெருசுதானே டீச்சர்" என்றான். அந்த ஐந்து சிலிக்கோன் வகை. உன் காரில் ஓடுவதோடு அது சேரவே சேராது. ஐந்து புள்ளி ஒன்று என்று வேறொன்று இருக்கிறது, அது மட்டும்தான் நாலாம் நம்பரின் உறவுக்காரன். வீட்டிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவனுக்கு ரப்பரும் கண்ணாடிக் குழாயும் காட்டிய அதே குரலில் இதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவனும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குகிற ஆள்தான். ஆனால் அவனுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக்கொண்டான். உனக்கு என்ன கேடு?

இவ்வளவு படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ட்ராக்குக்குப் பெரிய எண் போட்ட ரேஸ் ஆயில்தான் நல்லது. நான் மறுக்கவில்லை. ஆனால் அது, ஓட்டுவதற்கு முந்தின நாள் புது டின்னை உடைத்து நாலு சக்கரத்துக்கும் மாற்றி, ஓட்டி முடித்ததும் மறுபடி இறக்கி, மிச்சத்தைத் தூரப் போடுகிறவனுக்கான ஆயில். வருஷத்தில் முக்கால்வாசி நாள் போர்ட்டிகோவில் துணி போர்த்திக் கிடக்கும் காருக்கும், மிச்சத்தைப் பரணில் ஏற்றுகிறவனுக்கும் அது எமன். அவன் ஈரம் சேர்ந்தாலும் ஓரளவு தாங்குகிற ஆயிலை வாங்கி, புதிதாக ஊற்றி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வண்டியை ஆறவிட்டு, ஆசைக்கு ஓட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். காரைப் பார்த்து ஆயில் வாங்காதே பாலா. நீ எப்படிப்பட்டவன் என்று பார்த்து வாங்கு. உன் சோம்பேறித்தனத்துக்கு எது பொருந்துமோ அதை வாங்கு. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் முதலில் தன்னைப் பற்றி இந்த அளவுக்காவது உண்மை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கார்ச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. சனிக்கிழமை வந்து தேடாதே. உன் அப்பாவிடமும் கேட்காதே, அவருக்குத் தெரியாது. புது ஆயிலை நீ வாங்கிக்கொண்டு வா. நாலு சக்கரத்தையும் கழற்று. பழையது முழுக்க வெளியே வரும் வரை நான் உட்கார்ந்து பெடலை அமுக்குகிறேன். ஒரு சொட்டு மிச்சம் வைத்தாலும் சாவி வராது. நீ ட்ராக்கில் தனியாக ஓட்டுவதை நான் தடுக்கப்போவதில்லை. உனக்கு இருபத்தொன்பது வயசு, உன் கழுத்து உன்னுடையது. ஆனால் பக்கத்து சீட்டு விஷயம் அப்படி இல்லை. அதில் யார் உட்காருவது என்பதை உட்காருகிறவள் முடிவு செய்ய வேண்டும், எல்லாம் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

அதனால் அவளிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், படித்தது சரிதான். நேற்று மத்தியானம் நானே போன் போட்டு, பழைய டின், இரண்டு சக்கரம், சிறுமலை வளைவு, வாய்க்கால், பஸ், டீக்கடை என்று ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். பத்திரிகை கொடுத்த வீடுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. இருந்தாலும் சொல்லி முடித்தேன். முடித்த பிறகு அவள் கேட்டாள், "அப்ப அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யுங்களா அத்தை?"

"பெடலை அமுக்குனது நெசம்மா. எந்த ஆயிலுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேனே, அது பொய்தேன்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிதானமாகக் கேட்டாள். "கல்யாணத்துக்குப் பொறகும், நான் ஏதாச்சும் கேட்டா, இப்படியே நெசத்தச் சொல்லுவீங்களாங்க?"

நம் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்னிடம் முதன்முதலாகத் தனக்கென்று கேட்டது இது. பட்டுப்புடவை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. எந்த மாமியாரிடமும் யாரும் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. உன்னைப் பெற்று, பால் கொடுத்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவள் நான். நீ என்ன தப்பு செய்தாலும் உன் பக்கம் நிற்கத்தான் என் கால் போகும். அந்தக் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

"சொல்லுவேம்மா" என்றேன். அது போதும், மீதியை உன்னிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். பேசுவாள். மீட்டிங் என்று அவளிடம் சொல்லிப் பார், உனக்கே தெரியும்.

சனிக்கிழமை வா. கோபம் இருந்தாலும் சோறு இருக்கும். ஆனால் ஒன்றை இப்போதே மனசில் போட்டுக்கொள். இனி அவளுக்குத் தெரியக்கூடாதது ஏதாவது உன்னிடம் இருந்தால், அதை என்னிடமும் சொல்லாதே.

இன்னும் ஆத்திரம் அடங்காமல்,
உன் அம்மா